எண்ணெய் தடவிய ட்ரேயில் ஒரு பனிப்பாளம்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கமான இடங்களையும் சேர்த்துத்தான்.

முதலில் நினைவுக்கு வருவது வாசனை. வெயிலில் சுட்ட தகர ட்ரேயும், அதன்மேல் கெட்டியான வெல்லப்பாகும்...

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. என் பக்கத்து பெஞ்ச் நூர். அவள் அப்பா, அவள் வாயில் அத்தா, பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பேக்கரியில் மாஸ்டர். பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஜெயிக்கும் ஜோடியை மைசூருக்கு அனுப்புவார்கள். நூர் அதுவரை பெங்களூரைத் தாண்டியதே இல்லை.

தலைப்பைச் சொன்னது நான்தான். தென்துருவத்துப் பனிப்பாளங்கள் எப்படி நகர்கின்றன?

"ஐஸ் எங்கடி நடக்கும்? உருகும், அவ்ளோதான்" என்றாள் நூர்.

மலையளவு பனி தன் எடையாலேயே மெல்ல வழிகிறது என்று நூலகப் புத்தகத்தில் இருந்தது. கணக்கில் இரண்டு பகுதிகள்: வழிதல், சறுக்கல். சறுக்கல் எங்களுக்குப் புரியவில்லை. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டோம்.

பனிக்குப் பதில் பாகு. பாகுக்குக் கணக்கு எளிது: தடிமன் இரண்டு மடங்கானால் வேகம் நான்கு மடங்கு.

நூர் வீட்டு மொட்டைமாடியில், சோப்புப் போட்டுக் கழுவிய ட்ரேயைச் சாய்த்து வைத்தோம். பாகின் குறுக்கே சாக்பீஸ் தூளால் ஒரு கோடு. ஓரங்கள் ஒட்டிக்கொள்ள, நடுப்பகுதி மட்டும் முன்னே போய், கோடு வில்லாக வளைந்தது. ஒரு நிமிடத்தில் மெல்லிய பாகு மூன்று சென்டிமீட்டர், அதைப்போல் இரண்டு மடங்கு தடித்த பாகு பன்னிரண்டு. நாங்கள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு ஆன்ட்டி மேலே ஓடி வந்துவிட்டார்.

கண்காட்சி அன்று நூரின் அத்தாவே ட்ரேயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அறிவியல் மிஸ் எதிரே நிற்க, பாகை ஊற்றினோம். கோடு வளையவே இல்லை. நேராக இறங்கியது! மெல்லியது பத்து. தடித்தது இருபத்தாறு. நான்கு மடங்கு எங்கே?

நூர் என் காதருகில் குனிந்தாள். "ஏய், மாடில வந்த நம்பரையே எழுதுடி. மிஸ்ஸுக்கு என்ன தெரியும்?"

எழுதினேன். "3" என்று எழுதியே விட்டேன். பிறகு அதை அடித்துவிட்டு "10" என்று எழுதினேன்.

"யாக்கெம்மா, ஏன் இப்படி? சார்ட்ல கோடு வளையும்னு போட்டிருக்கீங்க. இது நேரா போகுதே?" என்றார் மிஸ்.

பாகுக்கு அடியிலும் ஓரத்திலும் விரலை விட்டுப் பார்த்தேன். வழவழவென்று... எண்ணெய்.

நூர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அத்தா! எண்ணெ தடவாத ட்ரேய அவரு கையால யாருக்குமே குடுக்க மாட்டாரு!"

எரிமலை செய்தவர்கள் மைசூர் போனார்கள். நூர் என்னோடு மூன்று நாள் பேசவில்லை.

நான்காம் நாள் இரண்டு ட்ரேயோடு என் வீட்டு வாசலில் நின்றாள். ஒன்றில் எண்ணெய், ஒன்றில் இல்லை.

"உன்னாலதான் மைசூர் போச்சு. ஆனா அந்த எண்ணெ மட்டும் எவ்ளோ தள்ளுச்சுன்னு தெரியணும் எனக்கு. அளந்து கழிச்சுப் பாரு."

மறுபடி அளந்தோம். கிட்டத்தட்ட அதே எண்கள்தான் வந்தன. பத்தில் மூன்று போனால் ஏழு. இருபத்தாறில் பன்னிரண்டு போனால் பதினான்கு.

ஏழு... பதினான்கு...

சறுக்கல் நான்கு மடங்கு இல்லை, இரண்டே மடங்கு! விட்டுவிட்ட பக்கத்தை ஓடிப்போய் எடுத்தோம். தென்துருவத்தில் பனிக்கடியில் உருகி நிற்கும் நீர்தான் அத்தாவின் எண்ணெய்.

இப்போது நான் இரண்டாம் பி.யு.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. நூர் வேறு கல்லூரியில் காமர்ஸ். எங்கள் லேபில் எந்த ரீடிங் வரவேண்டும் என்பது சீனியர் நோட்டிலேயே இருக்கிறது. வேறு மாதிரி வந்தால் மாற்றி எழுதிக்கொள்கிறோம். போன வாரம் நானும் மாற்றினேன். திட்டிக்கொண்டே இன்னொரு ட்ரே கொண்டுவர அங்கே யாரும் இல்லை.

இதை நான் தட்டிக்கொண்டிருக்கும் பிரௌசிங் சென்டரை வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பூட்ட வேண்டுமாம். "ஆய்த்தா மேடம், முடிஞ்சுதா?" என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

விளக்குகளை அணைத்துவிட்டார்.