முச்சந்தியில் நிற்கிறாளாம்

என் மகள் பேயாகிவிட்டாள் என்று எனக்கு மளிகைக்கடையில்தான் தெரிந்தது.

மாசாயில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வெளியே இருக்கிற கடை அது. கையில் ஒரு கட்டு கீரையோடு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களும் வேறு தெருக்காரர்கள். என்னைத் தெரியாது.

"அந்த முச்சந்தி இருக்குல்ல, சாயங்காலம் ஆனா அங்க ஒரு சின்னப் புள்ள ரொட்டிய கையில வச்சிக்கிட்டு நிக்குதாம். எங்க தம்பியே பாத்திருக்கான்லா."

"அலமாக்! நெசமாவா?"

"பொய்யா சொல்றேன்? காய்ச்சல் வந்து வேலைக்கே போகல அவன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒங்க வாய்க்கு வேற யாரும் கெடைக்கலையா?" என்று கத்திவிட்டு, கீரையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்தப் பிள்ளையின் அம்மா நான்தான் என்று கடைக்கார அம்மா அவர்களிடம் கிசுகிசுப்பது காதில் விழுந்தது.

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பீப் பீப் என்று ஹாரனை அடித்தபடி தினமும் சாயங்காலம் வருவார். அன்றைக்கு எங்கள் வீட்டை ஒட்டிய முச்சந்தியில், தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தினார். ஓடிப்போய் வாங்கிவிட்டாள். திரும்பி வரும்போதுதான் வேறொரு மோட்டார் வந்து இடித்தது. ஃபேக்டரி வேலை முடிந்து வருகிறவர்கள் சிக்னலில் மாட்டாமல் இருக்க எங்கள் தெரு வழியாகத்தான் புகுந்து போவார்கள். பிரேக் பிடித்தேன் என்று அதை ஓட்டி வந்த பையன் அழுதான். பிடித்துத்தான் இருப்பான். அவ்வளவு வேகத்தில் பிடித்து என்ன பிரயோஜனம்? ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டாள்.

வேகத்தடை போடச் சொல்லி நகராண்மையில் மனு கொடுத்தோம். இரண்டு பேர் வந்து ரோட்டை அளந்தார்கள், வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டார்கள், போனார்கள். அப்புறம் யாரையும் காணோம். மழையில் அந்தக் கோடும் அழிந்துவிட்டது. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் தன் பூந்தொட்டிகளைக் கொண்டுவந்து ரோட்டோரம் வைத்தார். மறுநாளே எவனோ இடித்து உடைத்துவிட்டுப் போனான். அவளுக்குக் காரியம் நடந்த அன்றுகூட, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வாசலில் சர்சர் என்று பறந்தார்கள். "மெதுவா போய்த் தொலைங்களேண்டா!" என்று தினமும் வாசல் கேட்டில் நின்று கத்துவேன். சிலபேர் சிரித்துக்கொண்டே போவார்கள்.

பேய்க் கதை கேட்டு வந்த அந்த வாரத்தில் ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு மோட்டார் உறுமிக்கொண்டு வந்தது. முச்சந்தி நெருங்கியதும் சத்தம் சட்டென்று அடங்கியது. எட்டிப் பார்த்தேன். ஒரு மலாய்ப் பையன், உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டு, மெதுவாகத் திரும்பிப் போனான். பின்னால் வந்தவனும் அப்படித்தான். அதற்கும் பின்னால் வந்த காரும் அப்படித்தான்! ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி இருட்டும்வரை அங்கேயே நின்றேன்.

அப்புறம் தினமும் அதைத்தான் பார்த்தேன். விபத்துக்கு அப்புறம் மாதக்கணக்கில் வெளியே தலைகாட்டாத, மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவின் சின்ன மகள் மறுபடி சைக்கிளை எடுத்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும், நிம்மதியாகவும் இருக்கும்.

என் நாத்தனார் காதுக்கும் கதை போய்விட்டது. தெப்ராவிலிருந்து புறப்பட்டு வந்துவிட்டார். "ஒரு நல்ல பூசாரிய கூப்பிட்டு, புள்ளைய அனுப்பி வச்சிரணும். ரோட்டுலயே விட்டுட்டா எப்படி?" என்றார். என் கணவரும் தலையாட்டினார்.

"வேணாம்" என்றேன். "பூசாரி வந்து போய்ட்டாருன்னு தெரிஞ்சா, மறுநாளே பழையபடி பறப்பானுங்க. அந்த மக்சிக் புள்ளைய நெனச்சிப் பாருங்க."

"அதுக்காக? என் புள்ளைய ஊரே பேய்ங்குது. கேட்டுக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என் கணவரின் குரல் உடைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூசாரி வந்தார். முச்சந்தியில் மஞ்சள் நீர் தெளித்து, பூசணிக்காய் வைத்து, சூடம் ஏற்றினார்கள். தெருவே கூடிவிட்டது. வேலை முடிந்து வந்த மோட்டார்காரர்கள் ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மக்சிக் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெத்தவங்க நீங்கதான் சொல்லணும்மா" என்றார் பூசாரி. "'நிம்மதியா போய்ச் சேரு கண்ணு'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. புள்ள கெளம்பிரும்."

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். நான் அந்த ஹெல்மெட்டுகளைப் பார்த்தேன்.

"சொல்ல மாட்டேன்" என்றேன். "அவ இங்கதான் இருப்பா. தெனமும் வர்றா, நான் பாக்கறேன். வேகமா வர்றவன் மூஞ்சிய எல்லாம் நல்லா பாத்து வச்சிக்கிறா. அவள யாரும் போகச் சொல்லாதீங்க." சத்தமாகத்தான் சொன்னேன். எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாயிலும் ஒருதரம் சொன்னேன்.

நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டார். பூசாரி சூடத்தை அணைத்தார். மோட்டார்காரர்கள் ஒவ்வொருவராக, முச்சந்தி தாண்டும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் திட்டு விழும் என்று காத்திருந்தேன். என் கணவர் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நெசமாவே பாத்தியா?" என்று மெல்லக் கேட்டார். "எப்படி இருக்கா? என்ன சட்ட போட்டிருக்கா?"

"மஞ்சச் சட்ட" என்றேன்.

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பொய் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது தினமும் வேலை முடிந்து வந்ததும் கேட்டருகே நின்று முச்சந்தியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் பக்கத்தில் போய் நிற்கிறேன். தாமானில் யார் யாருக்கோ தெரிகிறாள். பெற்ற எனக்கு அவள் ஒரு நாளும் தெரிந்ததில்லை, கனவில்கூட.