ஓடைநீரில் சுழன்ற மாவு மில்

ஐயா, அம்மா, கள்ளக்குறிச்சித் திருமணங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் ஒருவரை வெள்ளிமலையில் சந்தித்தேன். டீசல் கறை படிந்த சட்டை. எந்த இயந்திரத்தின் ஓசையையும் கண்மூடிக் கேட்கும் வழக்கம். தம் ஜெனரேட்டர்கள் விட்ட புகைக்கு ஈடாக ஓடையில் சிறு நீர்மின் இயந்திரம் அமைத்து, அவ்வூர் டீசல் மாவு மில்லை அதில் ஓட்ட வந்திருந்தார்.

“ஏம்பா, கல்யாணத்துல பொகைய வுட்டுட்டு, இங்க வந்து கழுவுறியா?” என்றார் மில்லை நடத்தும் அம்மையார்.

“வுட்டது வுட்டதுதாங்க. இனிமே உங்க பொகையாவது கம்மியாவும்.”

“மாவு நைசா வரலன்னா டீசலத்தான் போடுவேன்.”

நீர்மின் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மில் சுழன்றது. கேழ்வரகு மாவை விரலால் தேய்த்துப் பார்த்த அம்மையார், டீசல் எஞ்சினின் பெல்ட்டைக் கழற்றி நீட்டினார்.

“இத எடுத்துக்கினு போ.”

“ஓடை வத்துனா வேணுங்க. ஆணியில மாட்டி வைங்க.”

வெற்றி பெற்ற கணத்திலும் அதன் எல்லையைச் சொன்ன அம்மனிதரை இன்றும் வியக்கிறேன். இக்குறிப்பைப் பாதுகாத்து வைக்க வேண்டுகிறேன்.