சொல்லாமல் சாத்திய கதவு

எனக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் அடுத்த வீட்டிலேயே குடியிருப்பவர். குரல் உயர்த்தாத மனிதர். அன்று சாயங்காலம் நான் கடல்பாலத்துக்கு அப்பால் பிறை ஊரில் வேலை முடிந்து தொழிற்சாலை வேனை விட்டு இறங்கியதும், வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"தங்கச்சி, நீ போனதுலேர்ந்து உன் நாய்க்குட்டி கத்துது. எம்மக பிள்ள பெத்து வந்திருக்கா, பேபி தூங்க மாட்டேங்குதுலா. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாரு. அதுக்கு மேல முடியாது, யாருக்காச்சும் குடுத்துரு."

அவர் மேல் தப்பில்லை. ஜார்ஜ் டவுனின் இந்தப் பழைய வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டில் தும்மினால் நம் வீட்டில் கேட்கும். ஆனால் எப்படிக் கொடுப்பேன்? கணவர் இறந்த மூன்று வருஷத்தில், அந்த வீட்டில் என்னைத் தவிர மூச்சுவிடுகிற ஒன்று அதுதான். தொழிற்சாலை கார் நிறுத்துமிடத்தில் கிடைத்தது. நான்கு மாதம்கூட ஆகாத, காதை நிமிர்த்தத் தெரியாத கழுதை.

செய்யாத வைத்தியமில்லை. என் பழைய சட்டையை அதன் பாயில் போட்டேன். ரப்பர் பொம்மைக்குள் கோழித்துண்டை ஒளித்துவைத்தேன். லீவு போட்டுவிட்டு, தனியே இருக்கப் பழக்க ஒரு நிமிடம் வெளியே நின்று உள்ளே வந்தேன். பிறகு இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திய கையோடு ஊளை. கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகத்தில் ரத்தம். வியாழக்கிழமை நானும் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். உள்ளே அது, வெளியே நான். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது?

வேனில் பக்கத்தில் உட்காரும் பெண்தான் கேட்டாள். "அக்கா, கெளம்புறப்ப நீங்க என்னா பண்றீங்கன்னு போன்ல பதிவு பண்ணிப் பாத்தீங்களா?"

வெள்ளிக்கிழமை காலை போனை அலமாரியில் நிறுத்திவைத்து, கிளம்புவதைப் பதிவு செய்துவிட்டு, திரும்ப வந்து போனை எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரத்தில் இருவரும் பார்த்தோம். நான் பையை எடுக்கிறேன், அது கொட்டாவி விடுகிறது. சாவியை எடுக்கிறேன், செருப்பை மாட்டுகிறேன், அசையவில்லை. வாசலில் திரும்பி, "போயிட்டு வரேண்டா" என்கிறேன். குட்டி எழுந்து நடுங்க ஆரம்பிக்கிறது. ஒரு நிமிடப் பயிற்சிக்குக்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே போயிருக்கிறேன்.

"சொல்லாம போங்கக்கா, அவ்ளோதான்" என்றாள்.

அவளுக்கு அவ்வளவுதான். என் கணவர் கடைசியாக வேலைக்குப் போன காலையில் எங்களுக்குள் ஏதோ அற்பச் சண்டை. சொல்லாமல் போனார். பிறையில் லாரி மோதி, சாயங்காலம் அவர் உடல்தான் வந்தது. அன்றிலிருந்து ஆளில்லாத வீட்டைப் பார்த்தாவது சொல்லாமல் நான் படி இறங்கியதில்லை. சொல்லாமல் போகிறவர் திரும்பி வர விரும்பாமல் போகிறார் என்பது என் எண்ணம். படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சனிக்கிழமை ஓவர்டைம். கதவருகே நின்றேன். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டுச் சாத்தினேன். உள்ளே சத்தமில்லை. வேனில் பாலம் நெடுக முன் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு எனக்கு ஏதாவது ஆகிவிடும், குட்டி பூட்டிய வீட்டில் பட்டினி கிடக்கும் என்று நினைத்து நினைத்து நாள் முழுக்க வேலையில் தப்பு செய்தேன். இரண்டு முறை மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர், "இன்னிக்கு சத்தமே இல்லலா" என்றார். கதவைத் திறந்தேன். பாயில் தூங்கிக்கொண்டிருந்த குட்டி சோம்பல் முறித்து எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது முகத்தை நக்க நக்க அழுகை நிற்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல்தான் போனேன். போன நேரம் முழுக்க வீட்டுக்கு வரத்தான் துடித்தேன். என் கணவரும் அன்றைக்குத் திரும்பி வரத்தான் போயிருக்கிறார்.