முன் கண்ணாடியில் இடம்பெயர்ந்த சாமிகள்

'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓடுகிற வாகனத்தின் முன் கண்ணாடியில் கல் படும்போது பெரிதாக ஒன்றும் நடந்துவிடுவதில்லை. நாக்கை அண்ணத்தில் தட்டுவதுபோல ஒரு சின்னச் சத்தம், அதற்குப் பின்னால் செம்மண் புழுதியின் மணம், அதற்கும் பின்னால் டிப்பர் லொறிக்காரனின் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டுத் திட்டுகிற ஒரு சாரதியின் குரல். யுத்தம் முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பிய அந்தக் காலத்தில் மன்னார் வீதி முழுவதையும் கிளறிப் போட்டிருந்தார்கள், போகிற வழியெல்லாம் 'கிரவல்' செம்மண் குவியலும் சல்லிக்கல் குவியலுமாகக் கிடந்தது. டிப்பருக்குப் பின்னால் போகிறவர் கண்ணாடியில் ஒரு பொட்டாவது வாங்காமல் வீடு சேரமாட்டார். ஊரே அந்தச் சத்தத்துக்கு முகம் சுளிக்க, எங்கள் வீட்டில் மட்டும் அதைக் கேட்டதும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம். வெட்கத்தை விட்டுச் சொன்னால், இன்னும் இரண்டு கல் கூட விழட்டும் என்று நான் பிள்ளையாரிடம் கேட்டதும் உண்டு.

காரணம், அப்பாவின் தொழில் அது. வளைகுடாப் பக்கம் கட்டாரில் வாகனக் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை செய்தவர் அவர். நான் கைக்குழந்தையாக இருக்கையில் போனவர், இடையில் சண்டை பாதையை மூடிவிட, நாங்கள் அகதி முகாமைவிட்டு வெளியே வந்த பிறகுதான் திரும்பி வந்தார். அதுவரைக்கும் அப்பா என்றால் எனக்கு ரெலிபோனுக்குள் இருந்து வருகிற ஓர் இருமலும் "பிள்ளை சாப்பிட்டியோ" என்ற ஒரு கேள்வியும் மட்டும்தான். அவர் வந்து இறங்கிய அன்று நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா எப்ப போவார்?" என்று கேட்டேனாம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்பா ஒருநாளும் சிரித்ததில்லை.

அவர் கொண்டுவந்த பெட்டியில் சவர்க்காரமும் சொக்லேட்டும் அம்மாவுக்கு ஒரு போர்வையும் இருந்தன. கூடவே ஒரு சின்னக் கறுப்புப் பை. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு 'பம்ப்', கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கிற றப்பர் கால்கள், குட்டிப் போத்தல்களில் தேன்போல ஒரு திரவம். அப்பா அதை 'மருந்து' என்பார். கல் பட்ட இடத்துக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மருந்தை உள்ளே இறக்கி, வெயிலில் இறுகவிட்டால் வெடிப்பு மேற்கொண்டு ஓடாது, கண்ணாடியை மாற்றவும் தேவையில்லை. எங்கள் வயலோ, கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற அருமையான வயல், மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகளுக்கு அந்தப் பக்கம் பற்றை மூடிக் கிடந்தது. கண்ணிவெடி எடுக்கிறவர்கள் முழம் முழமாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள். ஆகவே அப்பா நானாட்டானுக்குப் பிரிகிற சந்தியில் நான்கு தடியை நட்டு, மேலே தகரத்தைப் போட்டு ஒரு கொட்டில் ஆக்கி, 'முன் கண்ணாடி வெடிப்பு மாற்றாமல் திருத்தப்படும்' என்று ஒரு பலகையும் எழுதித் தொங்கவிட்டார்.

கோதாரி, ஒருத்தரும் வரவில்லை! இல்லை, வந்தார்கள், பொய் சொல்லக்கூடாது. ஒருவர் உடைந்த சாமிப்படக் கண்ணாடியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். பெரியமடுவில் இருந்து வந்த ஒரு அம்மா அரிக்கன் லாம்புச் சிமினியை இரண்டு துண்டாகக் கொண்டுவந்து, "தம்பி, இதையும் ஒருக்கா ஒட்டித் தாங்கோவன்" என்று கேட்டார். வாகனக்காரர்களோ பலகையை வாசித்து, "உடைஞ்ச கண்ணாடியை ஒட்டுறாராம்" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். மறித்துக் கேட்கிற வாய் அப்பாவுக்கு இல்லை. யாராவது வேகத்தைக் குறைத்தால் எழுந்து நிற்பார், அவர் போனதும் திரும்ப உட்கார்ந்து பம்பைத் துடைப்பார். துடைத்துத் துடைத்தே அது தேய்ந்துபோகும் என்று அம்மா முணுமுணுப்பார்.

அந்த நேரத்தில்தான் மன்னார் ரவுணில் இருந்து 'ஏஜென்ட்' அண்ணை வந்தார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர், கெட்ட மனிதர் இல்லை, அப்பாவுக்குத் தூரத்து உறவும்கூட. கட்டாரில் பழைய கடைக்கே ஆள் தேவை என்றும், பொங்கல் முடிந்த கையோடு பயணம் என்றும் சொன்னார். அப்பா மூன்றாம் நாள் பாஸ்போட்டை எடுத்துக்கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். "பொங்கலுக்கு முதல் வந்து முடிவு கேப்பார். தொழில் ஓடினா நிண்டிடுவன், ஓடாட்டிப் போறதுதான்" என்றார். அப்போதுதான் நான் அவரோடு ஒட்டத் தொடங்கியிருந்தேன். அவருடைய தோளில் இருந்தபடி தேர் பார்த்தாயிற்று, என் தலைக்கு எண்ணெய் வைக்கவும் அவருக்குப் பழக்கியாயிற்று. இனி அவர் திரும்பவும் ரெலிபோனுக்குள் போய்விடுவார்.

எங்கள் பள்ளிக்கூட வானை ஓட்டியவர் யோகன் அண்ணை. முன் இருக்கைக்கு நாங்கள் போட்டி போட்டு அடிபடுவோம். அன்று அதிர்ஷ்டம் எனக்கு. ஏறி உட்கார்ந்து பார்த்தால், கண்ணாடியின் வெளிப்பக்கம், சரியாக அவர் முகத்துக்கு நேரே, உள்ளங்கை அகலத்தில் ஒரு பிள்ளையார் 'ஸ்ரிக்கர்'. அவர் ஒவ்வொரு வளைவிலும் கழுத்தைக் கொக்குப்போல நீட்டிப் பிள்ளையாரின் காதுக்கு அந்தப் பக்கமாகப் பாதையைப் பார்த்தார்.

"அண்ணை, பிள்ளையார் உங்களுக்கு மறைக்கிறாரெல்லோ?" என்றேன்.

"மறைக்கேல்லயடி, காக்கிறார்" என்றார் அவர். "கீழ கல்லடிச்ச ஓட்டை இருக்கு. தண்ணி போகாம இருக்க அவரை மேல ஒட்டி விட்டனான்."

பகல் சாப்பாட்டுக்கு இதைச் சிரிப்புக் கதையாகத்தான் வீட்டில் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்திக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன். வீதியோரம் நின்று, போகிற வருகிற வாகனமெல்லாம் பார்த்தோம். அடேயப்பா! நெல் லொறியில் முருகன் இடப்பக்க மூலையில் சரிந்து நிற்கிறார். வங்காலை மீன் லொறியில் மடு மாதா துடைப்பானுக்குப் பக்கத்தில். முசலிப் பக்கத்துக் கருவாட்டு வானில் அரபு எழுத்தில் ஒரு வசனம், நடுவுமில்லாமல் கரையுமில்லாமல் ஓரிடத்தில். ஒருவரும் சாமியை வைக்கிற இடத்தில் வைத்திருக்கவில்லை, கல் விழுந்த இடத்திலேயே வைத்திருந்தார்கள்.

"இஞ்சேருங்கோ" என்று அம்மா கொட்டிலுக்குள் பார்த்துக் கத்தினார். "எங்களிட்ட வரவேண்டிய ஆக்கள் எல்லாரும் சாமிக்குக் கீழ ஒளிச்சிருக்கினம்!"

அப்பா வந்து பார்த்தார், முகம் வாடிப்போனது. கட்டாரில் யாரும் கண்ணாடியில் சாமி ஒட்டுவதில்லை, கல் பட்ட வாகனம் பட்டபடியே கடைக்கு வரும். இங்கேயும் அப்படித்தான் வரும் என்று இத்தனை மாதமும் காத்திருந்திருக்கிறார் மனுஷன். ஆனால் அவர் முகம் வாடியது அதனால் இல்லை. "நான் பிள்ளையாரில பிளேட் வைச்சுச் சுரண்டமாட்டன்" என்றார். "மாதாவிலயும் வைக்கமாட்டன். பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

அவர் சொன்னது சரிதான் என்று மறுநாளே தெரிந்தது. மீன் லொறியை அம்மா கை காட்டி நிறுத்தி விஷயத்தைச் சொன்னதும் சாரதி, தலை நரைத்த பெரியவர், இரண்டு கையையும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என்ன பிள்ளை கதைக்கிறீர்? மாதாவை உரிக்கிறதோ? சண்டையில செல்லடிக்கிள்ளயும் என்னைக் கொண்டந்து சேர்த்தவ அவ." லொறி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

அன்று முழுக்க அம்மாவின் பானை சட்டிகள்தான் பேசின. மறுநாள் காலையில் எனக்குத் தலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தவர், பாதிப் பின்னலில் கையை நிறுத்தினார். "உரிக்கிறது எண்டு ஏன் கேட்டனான், விசரி!" என்று தன்னையே ஏசிக்கொண்டார். பின்னலை அப்படியே விட்டுவிட்டு ரவுணுக்குப் பஸ் ஏறிப்போய், பிள்ளையார், முருகன், மாதா, அந்தோனியார், அரபு வசனம் என்று எல்லாவற்றிலும் புதுசாக ஸ்ரிக்கர் வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் யோகன் அண்ணையின் வானைச் சந்தியில் மறித்தார். உள்ளே நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

"தம்பி, உங்கட பிள்ளையார் ஏன் உங்கட முகத்துக்கு நேர இருக்கிறார்? அவரும் எங்களைப்போல இடம்பெயர்ந்துதானே அங்க வந்தவர்? நடுவில, மேல, அவற்ற சொந்த இடம் சும்மா கிடக்கு. ஊரெல்லாம் மீள்குடியேறுது. அவரை மட்டும் ஏன் முகாமில வச்சிருக்கிறியள்?"

அந்தக் காலத்தில் 'மீள்குடியேற்றம்' என்பது அரசாங்கக் கந்தோர்க் கதவுகளிலும் நிவாரணக் கூப்பன்களிலும் எங்கள் வாய்களிலும் ஓயாமல் கிடந்த சொல். அதைப் பிள்ளையாருக்குச் சொன்னதும் யோகன் அண்ணை வாய்விட்டுச் சிரித்தார், பிறகு இறங்கி வந்து கண்ணாடியைப் பார்த்தார். "முகாமில வச்சிருக்கக் கூடாதுதான் அக்கா" என்றார்.

முறையை அம்மாவே வகுத்தார். முதலில் புதுப் படத்தை வாகனக்காரரே தன் கையால் கண்ணாடியின் மேல் நடுவில் ஒட்டவேண்டும். சைவ ஆட்கள் என்றால் ஒரு கட்டிக் கற்பூரம், மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர் என்றால் ஒரு செபம், முஸ்லிம் ஆட்கள் அவர்கள் வழியில் ஓதிக்கொள்ளலாம். சாமி புது வீட்டுக்குப் போன பிறகுதான் பழைய வீட்டில் கை வைப்பது, அதுவும் பிளேட் இல்லாமல், இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டு, அது தானாகக் கழன்று வருமட்டும் பொறுத்திருப்பது. யோகன் அண்ணை கற்பூரம் கொளுத்தினார், வானுக்குள் இருந்த பிள்ளைகள் எல்லோரும் "அரோகரா" போட்டோம். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போகிற சந்தோஷமும் அதில் கொஞ்சம் இருந்தது. பழைய பிள்ளையார் கழன்று வந்ததும் கீழே நட்சத்திரம்போல ஒரு வெடிப்பு, அதற்குள் பசையும் ஊத்தையும். அப்பா துடைத்தார், காயவிட்டார், பம்பைப் பூட்டினார். மாரிகாலம், முகில் வந்து வந்து வெயிலை மறைத்தது; நாங்கள் எல்லோரும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். வெயில் வந்தது. மருந்து இறுகிய பிறகு யோகன் அண்ணை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க? எங்க இருந்தது?" என்று சந்தி முழுவதற்கும் கேட்கக் கத்தினார். அந்த ஒரு கத்தல் அப்பாவின் பலகை செய்யாததைச் செய்தது.

மீன் லொறிப் பெரியவர் தானாகவே திரும்பி வந்தார். செபம் சொல்லி, புது மாதாவை ஒட்டி, பழைய மாதாவை முத்தமிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கருவாட்டு வான்காரர், எல்லோரும் ஹாஜியார் என்று கூப்பிடுகிறவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தங்கச்சி, இதில ஆண்டவன்ட பேர் இருக்கு. நிலத்தில விழுந்திடப்படாது." அம்மா உள்ளே போய்த் தன் வெள்ளைக் கைலேஞ்சித் துணியை எடுத்துவந்து, அப்பா துணியைப் போட்டது முதல் காகிதம் கழன்றது வரைக்கும் இரண்டு கையாலும் அதைக் கீழே ஏந்திக்கொண்டு நின்றார். கை கடுத்திருக்கும். ஹாஜியார் அதை அந்த லேஞ்சியோடேயே மடித்து வாங்கிக்கொண்டு, "நான் இதைக் கடலில விடுறன். உங்கட லேஞ்சிக்குப் புதுசு தாறன்" என்றார். அடுத்த கிழமை அவர் ஊரில் இருந்து மூன்று வாகனம் ஒன்றாக வந்தன.

பொங்கலுக்கு முதல் ஏஜென்ட் அண்ணை வந்தார். மோட்டார் சைக்கிளில் வந்தார், மன்னாரிலேயே திருத்தக் கண்ணாடி இல்லாமல் எங்கள் கொட்டிலுக்கு வந்த ஒரே ஆள் அவர்தான். அம்மா கதிரையைப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். அப்பா ஒரு பஸ்ஸின் முன்னால், மேசைமேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் பம்பைப் பிடித்திருந்தார்.

"என்ன தம்பி, முடிவு? ரிக்கெட் போடவேணும்."

"அண்ணை, குறை நினையாதேங்கோ" என்றார் அப்பா, திரும்பாமலே. "இது இறுகுமட்டும் நான் அசையேலாது."

ஏஜென்ட் அண்ணை தேத்தண்ணியைக் குடித்தார். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு லொறி வந்து நின்றது, அதற்குப் பின்னால் ஒரு வான். வான்காரர் இறங்கி, "அண்ணை, இண்டைக்குள்ள முடியுமோ?" என்று கேட்டார். "இருங்கோ, வாறன்" என்றார் அப்பா. ஏஜென்ட் அண்ணை கொஞ்ச நேரம் அந்த வரிசையைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து பாஸ்போட்டை எடுத்துக் கதிரையில் வைத்துவிட்டு, என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனார். நான் ஓடிப்போய் அப்பாவின் காலைக் கட்டிப்பிடித்தேன். "விடு பிள்ளை, ஆடுது, ஆடுது!" என்று அவர் மேலே இருந்து கத்தினார். நான் விடவில்லை. அந்த வாகனத்தின் வெடிப்பு மட்டும் கொஞ்சம் கோணலாகத்தான் இறுகியது என்று பிறகு சொன்னார்.

இன்று அந்த வீதியில் தேடினாலும் ஒரு கல் இல்லை. 'காப்பெட்' என்று தார் போட்டு வழுவழுவென்று கிடக்கிறது, டிப்பருக்குப் பின்னால் போகிறவர்களும் கவலையில்லாமல் போகிறார்கள். கல் நின்றதும் கொட்டிலுக்கு ஆட்கள் வருவதும் குறைந்து குறைந்து நின்றுபோனது. அதற்குள் சிவப்புப் பலகைகளைக் கழற்றி எங்கள் வயலைத் தந்துவிட்டார்கள், அப்பா ஒரு வருத்தமும் இல்லாமல் தகரத்தைக் கழற்றிக் கொண்டுபோய் வயல் காவல் கொட்டிலுக்குப் போட்டார். கட்டுக்கரைத் தண்ணீரில் இப்போது அவர் காலபோக நெல் செய்கிறார். கண்ணாடிகளில் சாமிகள் எல்லோரும் நடுவில்தான் இருக்கிறார்கள்.

தம்பி பிறந்தது அந்தப் பொங்கலுக்கு அடுத்த வருடம். இப்போது அப்பாவைவிட உயரம், வாயும் அம்மாவைப்போல. போன முறை நான் ஊருக்குப் போயிருந்தபோது சாப்பாட்டு நேரம் யாரோ வெளிநாடு போகிற பேச்சு வந்து, "அப்பாவும் கட்டாரில இருந்தவர்தானே" என்றேன்.

தம்பி கையை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "சும்மா கதை விடாதேங்கோ அக்கா. அப்பா ஒருநாள் இந்த வீட்டில இல்லாம இருந்து நான் பார்த்ததில்லை."

நான் பழைய கதையைத் தொடங்க வாயெடுத்தேன். அப்பா சோற்றுக் கோப்பையில் இருந்து தலையை நிமிர்த்தாமல் பிசைந்தபடி சொன்னார்:

"ஓமடா தம்பி, நான் எங்க போனனான்?"