வெள்ளீயக் காசுகள்

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். சுவிஸின் சூக் நகரில் பழைய நாணயக் கடையொன்றில் வேலை கிடைத்ததும் அந்தப் பெருமை தலைக்கேறியிருந்தது.

துன் நகரில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் அண்ணை ஒருவர் கடைக்கு வந்து, தன் அப்பப்பா மலாயாவிலிருந்து கொண்டுவந்த சீனக் காசுகளைக் காட்டினார்.

“சீனக் காசு வெண்கலம் அண்ணை. இது வெள்ளீயம். கள்ளக்காசு,” என்றேன்.

“கள்ளக்காசோ?” முகம் வெளிற, பொதிந்துகொண்டு போய்விட்டார்.

சில நாளில் ஒரு நூலில் படித்தேன்: அவை மலாயாப் பக்கத்துச் சந்தைகளுக்காக உள்ளூரிலேயே வார்க்கப்பட்டவை, வியாபாரிகள் ஏற்றுக்கொண்ட நல்ல காசு. பதறி அவருக்குத் தொலைபேசியில் அழைத்தேன்.

“துன்னில ஓடுற ஆரே ஆத்துக்குள்ள எறிஞ்சிட்டன் தங்கச்சி. பொலிஸ் பிடிச்சா இஞ்ச இருக்கிற பெர்மிட்டையெல்லோ பறிச்சுப்போடுவாங்கள். அப்பப்பான்ர சாமான் எண்டு அதொண்டுதான் இருந்தது.”

ஜெர்மன் மொழியில் வரும் பெர்மிட் கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துக்காட்டி வளர்ந்தவள் நான். அந்தப் பயம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். துன்னுக்குப் போனால் இன்றும் ஆற்றைப் பார்க்காமல்தான் பாலத்தைக் கடக்கிறேன்.