பலஸ்தீனத்துக்கு மட்டும் திறந்த ஒலிவாங்கி

ஒஸ்லோவில் நான் உதவிக்குப் போகும் சமூக வானொலியில் பிள்ளைகள் ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டுதான் தங்கள் தாய்மொழியில் கத்திப் பேசுகிறார்கள். வீதியில் பொலிஸ் வாகனம் போனாலும் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளாது. எழுந்து போய்ச் சாத்திவிட்டு வருவேன். "குளிருகிறதா?" என்று நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் லார்ஸ் கேட்பான். தலையாட்டிவிடுவேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்று கொழும்பு ஹெவ்லொக் டவுனில் வானொலியைக் காதோடு ஒட்டித் தமிழ்ச் செய்தி கேட்டு வளர்ந்தவள் நான். அதை அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

இப்போது அங்கே பலஸ்தீன இளைஞர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. செய்தி எழுதுவது, பேட்டி எடுப்பது, நகரசபைக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பது. அவர்களில் ஒருத்தி லீனா. ஊரில் அவளுடைய அண்ணனைப் படையினர் பிடித்துப் போயிருக்கிறார்கள். முதல் நிகழ்ச்சியிலேயே அவன் பெயர், தெரு எல்லாம் சொல்லப்போகிறேன் என்றாள்.

"பெயரை விடு. 'ஓர் இளைஞர்' என்று சொன்னால் போதாதா?" என்றேன்.

"அம்மாதான் சொல்லச் சொன்னார். பெயர் வெளியே தெரிந்தால் அவனை மறைக்க முடியாதாம்."

பக்கத்தில் நின்ற லார்ஸ், "உங்கள் ஊரில் இளைஞர்கள் பேச இடம் இருந்ததா?" என்று என்னைக் கேட்டான்.

"கொழும்பில் பலஸ்தீனத்துக்காகக் கூட்டமே போட்டோம்."

"அப்படியானால் நல்ல சுதந்திரம்!" என்று சந்தோஷப்பட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கூட்டம் புதுக்கடையில், நீதிமன்றங்களுக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. கொழும்பில் பலஸ்தீனம் என்றால் எல்லோருக்கும் வாய் தாராளமாகத் திறக்கும். தமிழ் அறிக்கையை வாசித்தவள் என் சிநேகிதி. ரஞ்சினி என்று வைத்துக்கொள்ளுங்கள், சொந்தப் பெயரை இங்கும் எழுதமாட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருந்தவள். கொட்டாஞ்சேனை லொட்ஜில் தங்கியிருந்த அவளுடைய அண்ணனைப் படையினர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோய் மாதக்கணக்காகியிருந்தது. எந்தப் பொலிஸ் நிலையத்தில் கேட்டாலும் அப்படி ஆள் இல்லை என்றார்கள். சோதனைச் சாவடிக்குப் பயந்து பொட்டை அழித்துவிட்டு, பஸ்ஸில் வாய் திறக்காமல் வந்தவள், மேடையில் கணீரென்று வாசித்தாள். சகோதரனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது பலஸ்தீன இளைஞனின் உரிமை என்ற வரிக்குச் சனம் விழுந்து விழுந்து கைதட்டியது. பாவி, அந்தக் கைதட்டலை நம்பிவிட்டாள்.

"என்ர அண்ணாவையும் கொட்டாஞ்சேனையிலை பிடிச்சவை. எங்கை வைச்சிருக்கினம் எண்டு ஆராவது சொல்லுங்கோ" என்றாள்.

கைதட்டல் நின்றது. தலைமை தாங்கியவர் அவள் பக்கம் குனிந்து சிங்களத்தில், "நங்கி, அத பலஸ்தீனய விதரய்" என்றார். தங்கச்சி, இன்றைக்குப் பலஸ்தீனம் மட்டும்தான். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

அந்தக் கிழமையே பொலிஸ் அவளுக்கு அறை கொடுத்த வீட்டுக்காரியிடம் வந்து அவளைப் பற்றி விசாரித்தது. "பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. எனக்கும் பெடியள் இருக்கினம். வேற இடம் பாருங்கோ" என்றார் அவர். ரஞ்சினி குறை நினைக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்கமுடியவில்லை. கொழும்பிலேயே பாமன்கடைக்கு மாறிப் போனாள். இன்னமும் அங்கேதான் இருக்கிறாள், அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை, நாட்டில் சண்டையும் ஓயவில்லை.

ஒஸ்லோவில் லீனா தன் அண்ணனின் பெயரை ஒலிபரப்பில் தயங்காமல் சொன்னாள். நிகழ்ச்சி முடிந்ததும் லார்ஸ் என்னிடம், "அடுத்த கிழமை ஐந்து நிமிடம் உங்களுக்கு" என்றான். எனக்கும் துணிச்சல் வந்துவிட்டது. பின்னேரமே ரஞ்சினிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உன்ர அண்ணான்ர பெயரை இஞ்சை றேடியோவிலை சொல்லட்டோடி?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. யாரும் ஒட்டுக்கேட்கக்கூடிய கொழும்புத் தொலைபேசியில் இப்படிக் கேட்பார்களா? வெளிநாடு வந்து எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது.

அவள் வேறு யாருக்கோ கேட்கவேண்டும் என்பதுபோல் உரத்துச் சொன்னாள். "ஓமோம், இஞ்சை நல்ல மழை. அண்ணா சுகமா இருக்கிறார். வேலைக்குப் போட்டார்." வைத்துவிட்டாள்.

அடுத்த கிழமை ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்தேன். வாய் ஒஸ்லோவில் இருக்கிறது. அது திறந்தால் அடி விழப்போகும் முதுகு பாமன்கடையில் இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்து நிமிடமும் பலஸ்தீனத்தைப் பற்றியே பேசினேன்.