பாதுகாப்பானது, திறக்கலாம்

கொட்டாஞ்சேனையில், கப்பலில் வரும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு ஒபிஸ். அங்கே யோகேஸ்வரிக்குப் பதினொரு வருடமாக ஒரே வேலைதான். வெளியிலிருந்து மெயிலில் வரும் பைல்களில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிப்பாள். பிறகு ஒபிஸ் குரூப்பில் பைலின் பெயரை எழுதி, “பாதுகாப்பானது, திறக்கலாம்” என்று போடுவாள். பார்த்ததற்கு அடையாளமாகப் பதினெட்டுப் பேரும் பெருவிரல் போட வேண்டும். போடாதவரை மேசைக்கே போய்ப் பிடிப்பாள். பொல்லாத கண்டிப்புக்காரி!

தை மாதத்தில் மனேஜர் கொன்ஸ்ரன்ரைன் அவளைக் கூப்பிட்டார்.

“அக்கா, இனி இதெல்லாம் தானா நடக்கும். பைல் வந்தவுடனே சோதிக்கிற சேர்விசுக்குப் போகும், முடிவு நேரா குரூப்புக்கு வரும். நீங்கள் செய்யிற முறையை வடிவா எழுதித் தாங்கோ. அந்தப் பகுதிக்கு நீங்கள்தான் பொறுப்பு.”

பொறுப்பாம்! வெள்ளவத்தையில் ஒற்றை அறையில் தனியே கிடப்பவளுக்கு இந்த வேலையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? தலைகால் தெரியாமல் ஏழு பக்கம் எழுதினாள். எந்தப் பைலும் தப்பக்கூடாது, மனேஜருக்கு வருவதும்கூட. பெருவிரல் போடாதவரைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம்.

பக்கத்து மேசை நுஸ்கி எட்டிப் பார்த்தான். “எல்லாத்தயும் அதுக்குச் சொல்லிக் குடுத்தா ஒங்களுக்கு என்ன வேல மிச்சம், அக்கா?”

“விசர்க்கதை கதையாதை, தம்பி. நான்தானே பொறுப்பு.”

மூன்று கிழமையில் எல்லாம் ஓடத் தொடங்கியது. ஒரு பிழை இல்லை. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை, கொம்பனி லோயர் மனேஜருக்கு ஒரு பைல் அனுப்பினார். எழுதிக் கொடுத்தபடியே அது சோதனைக்குப் போய், குரூப்பில் வந்து விழுந்தது.

“யோகேஸ்வரி வேலைநீக்கக் கடிதம். பாதுகாப்பானது, திறக்கலாம்.”

பழக்கதோஷம் யாரை விட்டது? ஒரு பெருவிரல் விழுந்தது. பிறகு நாலு, ஒன்பது. வாசிக்காமல் போட்டவர்கள் பாதி, வாசித்துவிட்டும் போட்டவர்கள் மீதி. பாவிகள், ஒருவராவது தலையை நிமிர்த்தவில்லை. கடைசியாக நுஸ்கியும் போட்டுவிட்டு எழுந்து வெளியே போனான்.

“யோகேஸ்வரி மட்டும் இன்னும் பார்க்கவில்லை.” ஐந்து நிமிடம். திரும்பவும், “யோகேஸ்வரி மட்டும் இன்னும் பார்க்கவில்லை.” ஒபிஸில் இருந்த எல்லாப் போனும் சேர்ந்து கத்தின. அவள் கை மேசையை விட்டு எழ மாட்டேன் என்றது.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து கொன்ஸ்ரன்ரைன் வெளியே வரவில்லை. அவளுக்கு ஒரு மெசேஜ் மட்டும் போட்டார்.

“அக்கா, அந்தப் பெருவிரலைப் போட்டுவிடுங்கோ. சத்தம் தாங்கேலாமல் கிடக்கு.”

அவள் போட்டாள்.

“எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நன்றி” என்று வந்தது. அந்த நன்றியைச் சேர்க்கச் சொல்லி எழுதியதும் அவள்தான், மரியாதையாக இருக்கட்டும் என்று.